வாசல் வரை வந்தவர்

ஜூன் 2, திங்கள்

வார்டு திறந்தாயிற்று. ரிப்பன் வெட்ட வந்தவர்கள் வெட்டிவிட்டு, கேசரி தின்றுவிட்டு, எச்சில் தட்டுகளைப் புதுக் கட்டில்மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நான்தான் துடைத்தேன்.

தாலுகா ஆஸ்பத்திரியில் போதை மீட்பு வார்டு. இருபது கட்டில். மருந்து, சாப்பாடு, படுக்கை எல்லாம் அரசாங்கச் செலவு. இதுவரை இந்த ஊர்க்காரர்கள் இதற்காக மதுரைக்கு ஓடினார்கள், தனியார் இல்லங்களில் தாலியைக்கூட அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். இனி அந்தக் கொடுமை இல்லை. பொறுப்பு நர்ஸ் ஜெயக்கொடி, அதாவது நான். இத்தனை வருட சர்வீஸில் என் பொறுப்பில் ஒரு வார்டு வருவது இதுதான் முதல் தடவை.

பெயிண்டர் போர்டைச் சின்னதாக எழுதிக்கொண்டு வந்தான். திருப்பி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தாலும் படிக்கிற மாதிரி சிவப்பில் பெரிதாக எழுத வைத்தேன். "துணிக்கடைக்கு வைக்கிற மாதிரில்ல வைக்கிறீங்க சிஸ்டர்" என்றார் வாசல் செக்யூரிட்டி ஒச்சப்பன் அண்ணன். "தெரிஞ்சாத்தானண்ணே வருவாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "பெரிய போர்டோ?" என்று கேட்டார். அதோடு சரி. போன வருடம் கரண்டுக் கம்பத்திலிருந்து விழுந்து முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இவருக்கு எதிலும் ஒட்டுதல் இல்லை. மின்வாரியத்திலும் கம்பம் ஏறுகிற வேலை போய், ஆபீஸில் நாற்காலி வேலை. இருந்தாலும் ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாம். மிக்ஸி வேறு ஓடவில்லை. சட்னியை அம்மியில் அரைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஒருவரும் வரவில்லை. கொசுகூட வரவில்லை, வலை அடித்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் நஸ்ரீன் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற சின்ன வயதுப் பெண். போதை என்றால் சாக்கடையோரம் விழுந்து கிடக்கிறவன் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பக்கத்தில் சாராயத்துக்குச் சமமாக வலி மாத்திரை ஓடுகிறதாம். மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறதாம். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிக்கொண்டு, வெளியே தெரியாமலே போடுகிறார்களாம்.

அடையாளம் எல்லாம் எழுதிக்கொண்டேன். மாத்திரை போட்டிருக்கும்போது கருவிழிப் பொட்டு கடுகாகச் சுருங்கும். உடம்பு அரிக்கும். வயிறு போகாது. உட்கார்ந்தபடியே தலை தொங்கும். நிறுத்தினால் எல்லாம் தலைகீழ்: கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், மயிர்க்கூச்சு, கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. கேட்கக் கேட்க, இப்படி ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு குருடாக இருக்கிற பெண்களும் இருப்பார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

இவருக்கு மூன்று நாளாக வயிறு சரியாகப் போகவில்லை. வரும் வழியில் பப்பாளி வாங்கினேன். சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னாலேயே தூங்கிப்போனார். முதுகெல்லாம் சொறிந்த கோடு. வேர்க்குருதான், பவுடர் போட்டுவிட்டேன்.

ஜூன் 14, சனி

முதல் ஆள் வந்தார். பிணவறைப் பக்கத்துப் பின்வாசல் வழியாக, ஆட்டோவில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. துண்டை எடுத்ததும் அடையாளம் தெரிந்தது. பாதி ஊருக்கு டிரில் சொல்லிக்கொடுத்த வாத்தியார். எனக்கும்தான். "நல்லாருக்கியாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் கேட்க வேண்டிய கேள்வி.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் இவரைக் காணோம். கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயிலுக்குப் போனாராம். கல்யாணமான நாளாகச் சாமி கும்பிட்டுப் பார்த்ததில்லை. நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். கேலி செய்தேன், சிரிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இவருக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, ஓயாத கொட்டாவி, கை மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கிறது. காலைக் காலை உதைத்துக்கொள்கிறார். வயிறும் தண்ணீராகப் போகிறது. ஊரெல்லாம் வைரஸ். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். "லீவு போட்டுப் பக்கத்துல இருக்கவா?" என்றதற்கு, "வேணாம், ஒன் வார்டப் பாரு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அனல் காற்றில் முழுக்கைச் சட்டை. கழற்றச் சொன்னால் குளிர்கிறதாம்.

ஜூலை 3, வியாழன்

தலைமை டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் ஆய்வுக்கு வருகிறார்கள். இந்த வார்டுக்கு ஒரு வருடத்துக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டில் காலியாகக் கிடந்தால் அடுத்த வருடப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். இப்போது இருப்பதோ நாலு பேர். அரசாங்கமே கூப்பிட்டு இலவசமாக வைத்தியம் பார்க்கிறேன் என்கிறது, வருவதற்கு என்ன கேடு இந்த ஜனங்களுக்கு?

வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். இவர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டதிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறார், வீட்டு வேலைக்கும் கை கொடுக்கிறார். தூக்கம்தான் இல்லை. "அந்த போர்ட எடுத்துரு கொடி" என்றார். "எவன் அதுக்குக் கீழ நடந்து வருவான்?"

போஸ்டு மரம் ஏறுகிறவருக்கு ஆஸ்பத்திரி நடத்துவது தெரியுமாக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏறி ஒரு வருடம் ஆகிறது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. முருங்கைக்காயை எல்லாம் ஒரே அளவாக நறுக்கி வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஒரு புது அட்மிஷன். மாயழகு, குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், முப்பது வயதுக்குள். மனைவி தவமணி அழைத்து வந்தாள். இடுப்பு வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரையாம். ஒரு மாதத்துக்கு முன் கருப்பசாமி கோயிலில் கயிறு கட்டியதிலிருந்து தொடவில்லையாம். ஆனால் தூங்க முடியவில்லை, எதையாவது உடைக்கத் தோன்றுகிறது, அதனால் வந்திருக்கிறான்.

இந்தக் கயிறு இந்தப் பக்கத்துப் பழக்கம். குடியை விட நினைக்கிறவன் இத்தனை மாதத்துக்கு என்று சாமியிடம் கெடு சொல்லிக் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வான். கயிறு கையில் இருக்கும்வரை தொடக் கூடாது, தொட்டால் ரத்தம் கக்கிச் சாவான் என்று நம்பிக்கை. முடியாதவன் பூசாரியிடமே போய் அவிழ்த்துக்கொண்டுதான் மறுபடி ஆரம்பிப்பான்.

எங்கள் வார்டில் கயிறு, பெல்ட், அரைஞாண் எதுவும் ஆகாது. யாராவது மனசு உடைந்து கழுத்தில் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? கத்தரிக்கோலை எடுத்தேன். கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"சிஸ்டர், அத நீங்க வெட்டக் கூடாது."

"இங்க எல்லாருக்கும் ஒரே ரூல்தான்ப்பா."

"சாமிக்குச் சொன்னது சிஸ்டர்."

வராந்தாவில் வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "இது ஆஸ்பத்திரி, கோயில் இல்ல. கயித்து மேல அம்புட்டு நம்பிக்கைன்னா அங்கேயே போய்ப் படுத்துக்க" என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்து வெட்டி, ஆஸ்பத்திரிக் கழிவு போடுகிற மஞ்சள் பக்கெட்டில் போட்டேன். அதன்பிறகு அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இப்படிக் கறாராக இருந்தால்தான் வார்டு வார்டாக இருக்கும்.

மதியத்துக்குச் சாப்பாட்டுக் கேரியரை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டேன். இவர் ஆபீஸில் பர்மிஷன் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார், ஆனால் உள்ளே வரவில்லை. ஒச்சப்பன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். பெண்டாட்டி வேலை செய்கிற இடத்தை எட்டிப் பார்க்கக்கூட மனசில்லை.

ஜூலை 16, புதன்

பார்வையாளர் நேரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக மாயழகு வெளியே போய்விட்டான்.

ஜூலை 18, வெள்ளி

மாயழகு செத்துப்போனான்.

லாரி ஷெட்டில் வண்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறான். அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரும்போதே உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் நஸ்ரீன் செய்யக்கூடியதெல்லாம் செய்தார். நானும் கூட நின்றேன். எனக்கு நரம்பு அகப்படவில்லை, ஊசியை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

தவமணி அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"கயிறு இருந்தவரைக்கும் அவரு தொடல சிஸ்டர். நேத்து வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'இனிமே சாமி என்னையக் கேக்காது, நானா அவுக்கலயே'ன்னாரு."

அவள் கை நீட்டினாள். "அந்தக் கயிறக் குடுங்க. அவரு கூடப் போட்டுப் புதைக்கணும்."

மஞ்சள் பக்கெட்டை அன்றைக்கே வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஜூலை 19, சனி

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அரைஞாணும் பெல்ட்டும்தான் சிஸ்டர் நான் சொன்னது. மணிக்கட்டுக் கயிறு யாரை என்ன பண்ணப் போகுது?" என்றார். பிறகு, ஏன் செத்தான் என்று விளக்கினார். ஒரு மாதம் விட்ட உடம்பு பழக்கத்தை மறந்துவிடுமாம். மனசு மறக்காதாம். முன்னே போட்ட அதே அளவை எடுத்துப் போடுவான், உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். விட்டு மறுபடி தொடுகிற முதல் நாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நாளாம். அதனால்தான் கயிறு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும், ஆளும் பக்கத்தில் வேண்டும் என்றார்.

ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்திருப்பேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

"விட்டுட்டுத் தொட்டா செத்துருவானா?"

"ஆமாங்க."

"அவனத் தெரியும் எனக்கு. பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல பாத்துருக்கேன். நல்ல பையன்."

மெடிக்கலில் இவருக்கு என்ன வேலை என்று கேட்க நினைத்தேன். குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 23, புதன்

நாலு பேரில் மூன்று பேர் சொல்லாமலே போய்விட்டார்கள். மாயழகு சமாச்சாரம் ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த வார்டில் சாமிக் கயிறை வெட்டிச் சாகடிக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசுகிறார்களாம். டிரில் வாத்தியார் மட்டும் இருக்கிறார். எனக்கு ஆறுதல் சொல்லுகிறார்.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

ஜூலை 26, சனி

தவமணி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

எழுந்திருக்கும்போது கேட்டாள். "கட்டில் காலியாக் கெடக்குன்னு சொல்றீங்களாம்ல. ஞாயித்துக்கெழம கோயில்ல வந்து பாருங்க சிஸ்டர். எத்தன பேருன்னு."

ஜூலை 27, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத உட்கார்ந்து எவ்வளவு நேரமோ ஆகிறது. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இவர் விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொண்டேன். இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டு, பத்து மணிபோல் கோயிலுக்குப் போனேன்.

கண்மாய்க்கரையில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆடி மாதக் கூட்டம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் வரிசையைப் பார்த்தேன். அத்தனையும் கயிறு கட்ட வந்தவர்கள். கரை முழுக்க வளைந்து போயிற்று வரிசை. எங்கள் இருபது கட்டில் எந்த மூலைக்கு? மூட்டை தூக்குகிறவர்கள், பேண்ட் சட்டைக்காரர்கள், மஃப்டியில் ஒரு போலீஸ்காரர், காலேஜ் பையன்கள், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா. எங்கள் லேப் டெக்னீஷியன்கூட நின்றான். என்னைப் பார்த்ததும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பினான். வருவதற்கு என்ன கேடு என்று கேட்டேனே, வராமலா இருக்கிறார்கள்? வெயிலில், வெறுங்காலோடு வந்து நிற்கிறார்கள். எங்களிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

பூசாரி வீரணன் சட்டைப் பையில் செல்போனும் தோளில் கயிற்றுக் கத்தையுமாக, பஸ் கண்டக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே வந்தார்.

"எத்தன மாசத்துக்கு?"

"ஆறு."

"ஒனக்கு?"

"தீவாளிக்கு மொத நா வரைக்கும் போதும் சாமி."

"சாமிகிட்டயே பேரம் பேசுறியா? நீட்டு கைய."

முறை வந்ததும் நான் கையை நீட்டவில்லை, கும்பிட்டேன். யார் என்று சொன்னேன். கயிறு கட்டுகிறவர்களை அப்படியே வார்டுக்கும் அனுப்பி வையுங்கள், மருந்து கொடுத்தால் அந்தக் கஷ்டம் குறையும், பைசா செலவில்லை என்றேன்.

"எங்க கயித்த வெட்டுற எடத்துக்கு நான் எப்படித் தாயி ஆள் அனுப்புவேன்?"

"இனிமே வெட்ட மாட்டேன். சத்தியமா."

அடுத்தவனைக் கையால் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நானும் சொல்லாம இல்ல. ஒங்க வீட்டுக்காரர்கிட்டயே சொன்னேன். வீட்லயே நர்ச வச்சுக்கிட்டு இங்க எதுக்குய்யா வந்து நிக்கிறன்னு."

"யாரச் சொல்றீங்க?"

"கரண்டாபீசு சௌந்தரபாண்டி. நீங்க அவரு சம்சாரம்தான?"

"அவர் குடிக்க மாட்டார்" என்றேன்.

"குடிக்கு இல்ல தாயி, மாத்திரைக்கு. மூணு வாட்டி கட்டியாச்சு. போன வாட்டிதான் ஒரு மாசத்துக்கு மேல தாக்குப்பிடிச்சாரு. இன்னைக்கு வெள்ளன வந்து அவுத்துவிடச் சொல்லிட்டாரு. கெடு பாக்கி இருக்குய்யான்னேன், கேக்கல."

முதலில் ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடைய வீட்டைப் பற்றியோ பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. சொறிந்த முதுகு, கொட்டாவி, முழுக்கைச் சட்டை. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நானும் எழுதிக்கொண்டு வந்து, பப்பாளி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கஷாயம் வைத்திருக்கிறேன். அதையெல்லாம் நினைத்து வெட்கப்படக்கூட நேரமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் விட்ட உடம்பு. இன்று காலை அவிழ்த்த கயிறு. முதல் நாள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். என் முகத்தைப் பார்த்த பூசாரி வரிசையை அப்படியே நிற்க வைத்துவிட்டுத் தன் டி.வி.எஸ்.ஸைக் கிளப்பினார். "ஏறு தாயி."

வீடு பூட்டியிருந்தது. திறந்து ஓடினேன். குளியலறை, மாடி, பின்கட்டு எங்கும் இல்லை. பேர் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான நாளாக இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். லாரி ஷெட்டில் போய்ப் பார்க்கலாமா என்று பூசாரி கேட்டபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் போன் வந்தது. ஒச்சப்பன் அண்ணன்.

"சிஸ்டர், சாரு இங்க பின்வாசல் பெஞ்சுல ஒக்காந்திருக்காரு. காலையிலருந்து. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குறாரு. தண்ணியும் வேணாங்குறாரு."

"மூச்சு விடுறாராண்ணே?"

"என்ன சிஸ்டர் கேக்குறீங்க? முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

பிணவறைப் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் இருந்தார். வேர்த்து நனைந்திருந்தார். முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். கருவிழிப் பொட்டு அகலமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு சாமான் எடுத்து என் மடியில் வைத்தார். உடைக்காத மாத்திரை அட்டை ஒன்று. அவிழ்த்த கறுப்புக் கயிறு.

"திங்கல" என்றார். "வாங்கிட்டேன். வாய் வரைக்கும் கொண்டு போனேன். நீ அன்னைக்குச் சோறு போடும்போது சொன்னியே, விட்டவன் தொட்டா தாங்க மாட்டான்னு. அதுதான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு."

"அப்ப உள்ள வர வேண்டியதுதானங்க. பத்தடிகூட இல்லையே."

அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வந்தேன் கொடி. கேரியர் கொண்டாந்தேன்ல, அன்னைக்கு. கேரியர் ஒரு சாக்கு. ஒன்கிட்டச் சொல்லிட்டு அப்படியே சேந்துரலாம்னுதான் வந்தேன். வராந்தா வரைக்கும் வந்துட்டேன். நீ அந்தப் பையன் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்த. இது ஆஸ்பத்திரி, கோயில் இல்லன்னு சொன்ன. எங் கையிலயும் இது இருந்துச்சு. திரும்பிட்டேன்."

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் யார் முன்னாலும் அழுததில்லை. ஒச்சப்பன் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். விடுமுறை நாள் என்றும் பார்க்காமல் மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அவர் வந்து இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, கட்டில் ஒதுக்கினார். டிரில் வாத்தியார் எழுந்து வந்து இவருக்குப் படுக்கை விரித்துக் கொடுத்தார். கயிற்றை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டேன். "அவர் கையில கட்டுங்க" என்றார். நான் போட்ட முடிச்சு நிற்கவில்லை. வாசலில் நின்ற பூசாரிதான் உள்ளே வந்து கட்டினார். எத்தனை மாதத்துக்கு என்று கேட்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

டாக்டர் எனக்கு லீவு எழுதச் சொல்லிவிட்டார். "வீட்டு ஆளுக்கு நீங்களே நர்ஸா இருக்கக் கூடாது சிஸ்டர்." சண்டை போட்டேன். நடக்கவில்லை. முதல் சில நாள் பார்வையாளரும் கிடையாது. அது நானே போட்ட விதி, டாக்டர் அதை எனக்கு நினைவுபடுத்தினார்.

வீட்டில் இவர் இல்லாமல் டி.வி. ஓடுகிறது. அணைக்கவும் தோன்றவில்லை.

ஜூலை 31, வியாழன்

கோபம் கோபமாக வருகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம், ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல். சொன்னால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குமேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. பரணைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. "சிஸ்டர் வீட்டுக்காரரே படுத்திருக்காராம்ல" என்று என் காது படவே ஒருத்தி சொன்னாள். கால் கிலோ பருப்பு வாங்காமலே திரும்பினேன்.

சாயங்காலம் ஒச்சப்பன் அண்ணன் போனில் சொன்னார். பூசாரி தினமும் ஆளை அனுப்புகிறாராம். லேப் டெக்னீஷியன் வந்து சேர்ந்துவிட்டானாம். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒன்றுதான் கேட்கிறார்களாம்: நர்ஸம்மா வீட்டுக்காரர் உள்ளே இருப்பது நிஜமா? நிஜம் என்றதும், அப்போது நாமும் இருக்கலாம் என்று உள்ளே போகிறார்களாம். கட்டில் போதவில்லை, தலைமை டாக்டர் இன்னும் கேட்டு எழுதியிருக்கிறாராம். சந்தோஷப்பட வேண்டியதுதான். உடம்பு கூசுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. பார்வையாளர் அனுமதியும் இன்றுதான். சித்திரான்னம் கிளறினேன். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கேரியரில் அடுக்கி, ஓரத்தில் இவருக்குப் பிடித்த மோர்மிளகாய் வைத்தேன். யூனிபாரம் இல்லாமல், சேலை கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.

இறங்கினதுமே போர்டு தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலே படிக்கிற மாதிரித்தான் எழுத வைத்திருக்கிறேன். ரோட்டைக் கடந்து வாசல் வரை வந்தேன். போர்டுக்குக் கீழே வந்ததும் கால் நின்றுவிட்டது. பூக்காரி பார்க்கிறாள், ஆட்டோக்காரர்கள் பார்க்கிறார்கள், என்னோடு பஸ்ஸில் வந்தவள் திரும்பிப் பார்க்கிறாள். நித்தம் நடந்துபோன வாசல்தான். அன்றெல்லாம் நான் நர்ஸ். என்னை அறியாமலே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்றும் நினைத்தேன்.

ஒச்சப்பன் அண்ணன் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கையை நீட்டினார்.

"குடுங்க சிஸ்டர், நான் குடுத்துர்றேன். அன்னைக்கு சாரு வந்தப்பவும் நான்தான வாங்கி வச்சேன்."

கேரியரைப் பாதி நீட்டிவிட்டேன். அவர் கை பிடியைத் தொட்டுவிட்டது.

"வேணாம்ணே" என்றேன். முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, நானே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.